போனில் தெரியாதவை

சேசு மரி சூசை துணை

பேராவூரணி,
ஆவணி, ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசைக்குப் பிறகு

அன்பு மகள் அனிட்டாவுக்கு அப்பா எழுதுவது. இவ்விடம் நானும் அம்மாவும் கொல்லைத் தென்னைகளும் சௌக்கியம், அவ்விடம் நீயும் உன் இருமலும் எப்படி என்று அறிய ஆவல், இருமல் உன்னை விட்டுப் போயிருந்தால் அதன் நலம் பற்றி எழுத வேண்டியதில்லை. நிற்க. இந்த ஆண்டு பள்ளி திறந்த கையோடு எங்கள் பள்ளியின் வரலாற்றில் குறிக்கத்தக்க முடிவு ஒன்று எடுக்கப்பட்டது, அதை உனக்கு இதுவரை தெரிவிக்காமல் இருந்துவிட்டேன். ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவின் வலைப்பூவுக்குப் பின்னணி நிறம் சாம்பல் என்று ஆசிரியர் கூட்டத்தில் ஒருமனதாகத் தீர்மானித்தோம். நான் முதலில் நீலம் என்றுதான் சொன்னேன். தலைமையாசிரியர் குஞ்சிதபாதம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, நீலம் வேண்டாம் சார், யாராவது எதையாவது சொல்லுவாங்க என்றார். பச்சை, மஞ்சள் இரண்டுக்கும் அதே கதி. காவி, சிவப்பு, கறுப்பு மூன்றும் பெயர் சொல்லப்படும் முன்பே நிராகரிக்கப்பட்டன. உடற்கல்வி ஆசிரியர் வெள்ளை என்றார், வெள்ளையாக விட்டால் நாம் வேலையே செய்யவில்லை என்று ஆய்வுக்கு வருகிறவர்கள் எழுதிவிடுவார்கள் என்று அதுவும் போயிற்று. சாம்பல் நிறத்தில் இந்த மாநிலத்தில் இன்னும் யாரும் கட்சி தொடங்கவில்லை என்பது உறுதி செய்யப்பட்டதும் டீயும் பருப்பு வடையும் வந்தன. இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கலாமே என்பாய். அதில் எழுதினால் நீ ஒரு கட்டைவிரலை அனுப்புகிறாய், அந்த விரலைப் பார்த்துப் பிள்ளை இளைத்திருக்கிறாளா என்று அம்மா கேட்கிறாள், எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால்தான் தபால்.

வலைப்பூ என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, என் வகுப்புப் பிள்ளைகள் எழுதுவதை இணையத்தில் போடுவது. பிள்ளைகள் அதை பிளாக் என்கிறார்கள். கணினி அறையில் பூப்போட்ட துணி போர்த்தி வைத்திருந்த கணினியை, துணியைத் திரும்பப் போர்த்திவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு தலைமையாசிரியர் திறந்துவிட்டார். தமிழ் வகுப்பில் ஆளுக்குக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து தட்டச்சு செய்வார்கள், நான் படித்துப் பார்த்து வெளியிடுவேன். உங்களுக்குத் தோன்றியதை எழுதுங்கள், நேற்றுக் கண்ணால் பார்த்ததை எழுதுங்கள் என்றேன். அவர்கள் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று எழுதினார்கள். கலைமகள் என்று ஒரு பெண், வகுப்புத் தலைவி, ரேஷன் கடைக்குள் ஆடு புகுந்த கதையை எழுதியிருந்தாள். மனித வாழ்வில் விலங்குகளின் பங்கு அளப்பரியது என்று ஆரம்பித்து, ஆகவே ஆடுகளை நேசிப்போம், நாட்டை உயர்த்துவோம் என்று முடித்திருந்தாள். நடுவே இரண்டு வரியில் ஆடு வந்துபோயிருந்தது. இருபத்தைந்து வருடமாக அப்படித்தான் எழுத வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவன் யார் என்று கேட்காதே, அதற்கு மதிப்பெண் போட்டவன் பெயரும் அதேதான்.

ஒரே ஒரு பிள்ளை மட்டும் முன்னுரை இல்லாமல் எழுதினாள். பெயர் அனீஸா, கடைத்தெருவுக்குப் பின்னால் வீடு, அவள் அத்தா, நம் பேச்சில் அப்பா, குவைத்தில் வேலை செய்கிறார், ஊருக்கு வந்து இரண்டு வருடமாகிறது. தினமும் வீடியோவில் பேசுகிறார், ஆனால் போன் எப்போதும் சர்க்கரை டப்பாவில் சாய்ந்து நிற்பதால் அவருக்கு இவர்கள் முகங்களும் பின்னால் இருக்கிற காலண்டரும் மட்டும்தான் தெரியும். அதனால் அவள் போனில் தெரியாதவை என்று தலைப்புப் போட்டு, வாரம் ஒன்றாக எழுதினாள். அடுப்படிக் கதவின் கீழ்க்கீல் கழன்று கதவு தரையில் அரைவட்டம் கிழித்திருப்பது ஒரு வாரம். புயலில் விழுந்த தென்னை இருந்த குழியில் உம்மா வைத்த கன்று இப்போது என் தோளுக்கு வந்துவிட்டது, ஆனால் நானும் வளர்ந்திருக்கிறேன், அதையும் கணக்கில் வைக்க வேண்டும் என்று ஒரு வாரம். பூனை குட்டி போட்ட இடம் அத்தாவின் பழைய சூட்கேஸ், அதனால் அத்தா வந்தால் உடனே திரும்பிப் போக முடியாது என்று ஒரு வாரம். நான் அதைப் படித்துவிட்டு ஆசிரியர் அறையில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன், உடம்பு சரியில்லையா என்று கேட்டு உடற்கல்வி ஆசிரியர் சோடா வாங்கிக் கொடுத்தார்.

எனக்கு விளங்காத ஒன்று என்னவென்றால், ஆட்டுக்குக் கீழே சூப்பர், அருமை, கைதட்டும் பொம்மை என்று வகுப்பே பின்னூட்டம் போட்டிருந்தது. அனீஸாவின் பதிவுகளுக்குக் கீழே ஒன்றுமில்லை, சாம்பல் நிறம் மட்டும் இருந்தது. மதக் காரணமோ என்று முதலில் பயந்தேன், அப்படியில்லை, மத்தியானம் ஒரே டப்பாவில்தான் சாப்பிடுகிறார்கள். படிக்கவில்லையோ என்று பார்த்தால் சூட்கேஸ் பூனைக்குப் பெயர்வைப்பதில் வகுப்பில் சண்டையே நடந்திருக்கிறது. ஆர்வம் தாங்காமல் கலைமகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் எனக்குத் தெரியாதது கண்டு சங்கடப்பட்டு மெதுவாகச் சொன்னாள். "அது செய்முறை சார். அவ இதுவரைக்கும் யாருக்காச்சும் ஒரு கமெண்ட் போட்டிருக்காளா? செய்யாதவங்களுக்கு நாம எப்படி சார் செய்யிறது, அவளுக்குத்தானே சங்கடம்?" உனக்கு விளக்க வேண்டியதில்லை, நீ இந்த ஊரில் வளர்ந்தவள். உன்னோடு வேலை செய்கிற அயர்லாந்துக்காரர்களுக்குச் சொல்ல நேர்ந்தால் இப்படிச் சொல்: எங்கள் பக்கத்தில் ஆடி மாதம் மொய் விருந்து என்று ஒன்று உண்டு, ஒருவர் பந்தல் போட்டு ஆட்டுக்கறி விருந்து வைப்பார், ஊர் வந்து சாப்பிட்டு மொய் வைக்கும், வைத்தவர் விருந்து போடும்போது இவர் போய்க் கூடுதலாகத் திருப்பிச் செய்ய வேண்டும், செய்யாதவர் பந்தலுக்கு ஒருவரும் போக மாட்டார்கள், இந்தக் கொடுக்கல் வாங்கலுக்குத்தான் செய்முறை என்று பெயர். பிள்ளைகள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே அதை இணையத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஒரு சூப்பருக்கு ஒரு சூப்பர், நல்ல உறவென்றால் சூப்பரோடு ஒரு பொம்மை. தஞ்சாவூர்க்காரனாகிய எனக்கு இது இத்தனை வருடம் இங்கே இருந்தும் எட்டவில்லை, அம்மாவிடம் சொன்னால், இதுகூடவா தெரியாது என்று அடுப்பிலிருந்து திரும்பாமலே கேட்டாள்.

அனீஸா ஏன் யாருக்கும் போடவில்லை என்பதற்குக் காரணம் மிகச் சாதாரணம். மற்றவர்கள் வீட்டுப் போனிலிருந்து போடுகிறார்கள், அனீஸா வீட்டுப் போன் பகலெல்லாம் திருவாரூரில் படிக்கிற அண்ணனோடு போய்விடும், சாயங்காலம் வந்தால் அத்தா அழைப்பார். பள்ளிக் கணினியிலிருந்து போட்டாலோ அது என் பெயரில் விழும். நான் வகுப்பில் பின்னூட்டம் என்பது மொய் அல்ல, ரசித்தவர் ரசித்ததைச் சொல்வது என்று ஒரு பாடவேளை முழுக்கப் பேசினேன். எல்லாரும் கவனமாகக் கேட்டுக்கொண்டார்கள், மறுநாளும் செய்முறை முன்போலவே நடந்தது. பிறகுதான் நான் ஒரு காரியம் செய்தேன், பிள்ளைக்கு ஆறுதலாக இருக்கட்டுமே என்று கதவுக்கீல் பதிவுக்குக் கீழே என் பெயரில், மிகச் சிறப்பு, தொடர்ந்து எழுதுக என்று போட்டேன்.

அதன் பலனாக அவள் தாயார் கமருன்னிஸா பள்ளிக்கு வந்துவிட்டார். கோபமில்லை, ரொம்ப மரியாதையாகத்தான் நின்றார். "சார், நீங்க பெரியவங்க, செஞ்சுட்டீங்க. எம்பொண்ணு எதுல திருப்பிச் செய்யும்? நீங்கதான் ஒண்ணுமே எழுதலையே. ராத்திரியெல்லாம் அதே நெனப்பா இருக்கு அது." சொல்லிக்கொண்டே கையிலிருந்த காகிதத்தைக் கொடுத்தார், அது மாற்றுச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பம். அனீஸாவின் அத்தா குவைத்தில் மகள் எழுதுவதை ஒவ்வொரு வாரமும் படிக்கிறாராம், எல்லாப் பிள்ளைகளுக்குக் கீழேயும் பேச்சு இருக்கிறது, தன் பிள்ளைக்குக் கீழே மட்டும் சார் போட்ட ஒரு வரியைத் தவிர ஒன்றுமில்லை, வகுப்பில் ஒரு ஆள்கூடப் பிள்ளையோடு பேசுவதில்லையா என்று மனம் உடைந்து, காலாண்டுத் தேர்வு முடிந்ததும் அதிராம்பட்டினத்தில் தன் தங்கை வீட்டில் விட்டு அங்கே சேர்க்கச் சொல்லிவிட்டார். செய்முறை என்று விளக்கினீர்களா என்றேன். விளக்கினேன் சார், பிள்ளையைத் தேற்றுவதற்குச் சொல்கிறேன் என்று நினைக்கிறார் என்றார். அனீஸாவைத் தனியாகக் கேட்டேன், அத்தாவின் தங்கையான மாமி வீட்டைப் பற்றி அவள் குறையாக ஒன்றும் சொல்லவில்லை. "அங்க போயிட்டா அத்தாவுக்கு எங்க வீட்டை யாரு சார் காட்டுறது" என்று மட்டும் கேட்டாள். விண்ணப்பத்தைத் தலைமையாசிரியர் வாங்கி, மேசைமேல் காகிதம் பறக்காமலிருக்க வைத்திருக்கும் கண்ணாடிக் குண்டின் அடியில் வைத்தார். அவர் எந்தக் காகிதத்தையும் அவசரப்படுத்துகிறவர் அல்ல என்பது அன்றைக்கு எனக்கு அனுகூலமாக இருந்தது.

பிறகு நான் அவளுக்கென்று தனிக் கணக்கு ஒன்று தொடங்கிக் கொடுத்து, மத்தியான இடைவேளையில் கணினித் துணியை விலக்கி உட்கார வைத்தேன். அவள் எல்லாருக்கும் செய்தாள், ஆனால் சூப்பர் என்று எழுத அவளுக்கு வரவில்லை, ஒவ்வொருவருக்கும் ஒரு கேள்வி எழுதினாள். கலைமகளுக்கு, ஆடு எந்த வழியாக உள்ளே வந்தது, ரேஷன் கடையில் முன்வாசல் மட்டும்தானே இருக்கிறது, வரிசையில் நின்றவர்கள் வழி விட்டார்களா என்று. வாய்க்காலில் தண்ணீர் வந்ததைப் பற்றி எழுதியவனுக்கு, முதலில் வந்தது தண்ணீரா சத்தமா என்று. பிள்ளைகளுக்குப் பெரிய தொல்லையாகிவிட்டது. கேள்வியை மொய்யாக வைத்தால் அதற்குப் பதிலும் சொல்ல வேண்டும், திருப்பியும் ஒரு கேள்வி வைக்க வேண்டும், முறை அதுதான். கலைமகள் இரண்டாம் பதிவு எழுதினாள், ஆட்டை உள்ளே விட்டது, கடைக்காரரின் தராசுக்கல்லைத் தேடி வெளியே போகையில் கதவைத் திறந்தபடி விட்டுப்போன கலைமகளின் சொந்தச் சித்தப்பா என்ற செய்தி அதில் வெளியானது, அவர் இப்போது எங்களைக் கண்டால் தெருவின் எதிர்ப்பக்கம் நடக்கிறார். முடிவுரை எழுதினாலும் அதற்குக் கீழே ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொள்வதால் முடிவுரை எழுதுவதைப் பலர் நிறுத்திவிட்டார்கள். அனீஸாவின் பதிவுகளுக்குக் கீழே கூட்டமான கூட்டம். கதவு திறக்கும்போது என்ன சத்தம் வரும் என்று ஒருத்தி கேட்டிருந்தாள், அதற்கு அனீஸா பதில் எழுதும் முன் குவைத்திலிருந்து ஒரு வரி வந்து என் ஒப்புதலுக்காகக் காத்திருந்தது: அது நான் போட்ட கீல், எண்ணெய் விடவும், சத்தம் இருக்காது. வெளியிட்டேன். இப்போது வகுப்பு முழுவதும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறது, திருப்பிச் செய்ய அவர் பதிவு எதுவும் இல்லை, மாமா நீங்க ஒண்ணு எழுதுங்க என்று கீழே வரிசையாகக் கேட்டிருக்கிறார்கள். அவர் இன்னும் எழுதவில்லை, விண்ணப்பத்தைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை. குண்டுக்கு அடியில் அது அப்படியே இருக்கிறது, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் பார்க்கிறேன்.

கமருன்னிஸா சொன்னபடி நானும் ஒரு பதிவு எழுதினேன், எழுதாவிட்டால் பிள்ளை தூங்காது. எதைப் பற்றி எழுதுவது என்று தெரியாமல் உன்னைப் பற்றி எழுதினேன். உலகம் ஒரு கிராமமாகச் சுருங்கிவிட்ட இக்காலத்தில் என்று தொடங்கினேன். ஆகவே பிள்ளைகள் எங்கிருந்தாலும் நலமுடன் வாழ்தல் வேண்டும் என்று முடித்தேன். அனீஸா செய்முறையைச் செலுத்திவிட்டாள், நன்றி ஐயா, அனிட்டா அக்கா வீட்டுச் சன்னலைத் திறந்தால் என்ன தெரியும் என்று. நான் அம்மாவைக் கேட்டேன். அம்மா யோசித்து, அவள் பின்னால் ஒரு வெள்ளைச் சுவர் தெரியும், அதில் ஒரு கொக்கி உண்டு என்றாள். அது சன்னல் இல்லை. அந்தக் கொக்கியில் என்ன மாட்டுவாய் என்பதும் எங்களுக்குத் தெரியவில்லை, அம்மா குடை என்கிறாள், நான் பை என்கிறேன். வகுப்பில் பதில் சொல்லாத ஆள் நான் ஒருவன்தான், கலைமகள் என்னைப் பார்க்கும் பார்வை மாறிவருகிறது.

மற்றபடி ஊர்ச் செய்தி, கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டது, செய்தித்தாளில் முதலிலும் வாய்க்காலில் பிறகும் வந்தது. அம்மா இந்தத் திருவிழாவுக்கும் வேளாங்கண்ணிக்கு நடந்துதான் போவேன் என்றாள், முழங்கால் ஒப்புக்கொள்ளாததால் பேருந்தில் போய், ஊர் முகப்பு ஆர்ச்சிலிருந்து கோயில் வரை நடந்து அதை நடைப்பயணத்தில் சேர்த்துக்கொண்டாள். உனக்காக மெழுகுவர்த்தி ஏற்றினாளாம். இருமலுக்கு மிளகு போட்டுப் பால் குடி, அங்கே மிளகு கிடைக்கும் என்று கேள்விப்பட்டேன். ஈரத் தலையோடு வெளியே போகாதே. மாதா உன்னைக் கைவிடாமல் காப்பாள், எங்கள் ஆசீர்வாதம் என்றைக்கும் உண்டு. சன்னலைப் பற்றி மறந்துவிடாதே. படம் எடுத்து அனுப்ப வேண்டாம், எழுது. முன்னுரை தேவையில்லை.

இப்படிக்கு
உன் அப்பா,
ம. ரெமிஜியஸ்

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை எழுதியதைத் தபாலில் சேர்க்கப் புதன்கிழமை ஆகிவிட்டது. கமருன்னிஸா இன்று காலை வந்து விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். சாம்பல் நிறத்தில் எழுத்து வெயிலில் தெரியவில்லை, நிறத்தை மாற்றித் தரவும் என்று குவைத்திலிருந்து ஒரு கோரிக்கை வந்திருக்கிறது. கண்ணாடிக் குண்டின் அடியில் இப்போது அது இருக்கிறது.