விரிசல் உன் வெல்டில் இல்லை, மச்சான்

அன்பு மச்சான் காதருக்கு,

வைகாசி இருபது, செவ்வாய்க்கிழமை, காலை பத்து நாற்பது. சலீம் காரின் புகைக்குழாயில் மூன்றாவது விரிசல். அறந்தாங்கியில் என் பட்டறையில் வண்டியைத் தூக்கி நிறுத்தி, குழாயைக் கழற்றி, விரிசல் விட்ட இடத்தை அறுத்து எடுத்தேன். நீ போய் நான்கு மாதம் ஆகிறது. இந்த வெல்டு நீ வைத்தது இல்லை. திருச்சியிலிருந்து ஆள் கூட்டி வந்து வைத்தது.

முதல் இரண்டும் உன் வெல்டு. அப்போது நான் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியும். தெரியாதவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பதால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

கோயம்புத்தூர் ரேஸ் ட்ராக்கில் ஓட்டுவதற்காகச் சலீம் தன் பழைய காரை என்னிடம் கொடுத்தான். பவரைக் கூட்ட டர்போ வைத்தேன். இன்ஜினிலிருந்து வால் வரை அகலமான ஸ்டெயின்லெஸ் குழாய். கணக்கெல்லாம் என்னுடையது, வெல்டிங் உன்னுடையது. அவ்வளவு மெல்லிய தகட்டைப் பொத்தல் விழாமல் ஒட்டுகிற கை கட்டுமாவடியில் படகுக்குக் குழாய் ஒட்டும் உன் கடையை விட்டால் இந்தப் பக்கம் கிடையாது. வரைபடத்தைப் பார்த்ததும் நீ கேட்டாய்:

"ஃப்ளெக்ஸ் எங்கடா மாப்ளே?"

உள்ளே மடிப்பு மடிப்பாக, மேலே கம்பிவலை போர்த்திய சாண் நீளக் குழாய் அது. இன்ஜினுக்கும் புகைக்குழாய்க்கும் நடுவில் நின்று இன்ஜினின் ஆட்டத்தை வாங்கிக்கொள்ளும். நான்தான் வேண்டாம் என்று எடுத்துவிட்டேன். மடிப்பில் புகை தடுமாறும், பவர் குறையும் என்பது என் வாதம். இன்ஜினைத் தாங்கும் ரப்பரையும் கெட்டியானதாக மாற்றியிருந்தேன்.

"இன்ஜின் ஆடாது மச்சான். மவுண்ட் மாத்திட்டேன்."

"ஆடாதேன்னு நீ எழுதிக் குடுத்தா அது படிக்குமாடா? எத்தனை போட்டுக்கு பைப்பு போட்டிருக்கேன். ஆடாத இன்ஜின்னா அது ஸ்டார்ட் ஆகாத இன்ஜின்தான்."

"போட்டு வேற, காரு வேற. நீ ஒட்டுற வேலையைப் பாரு."

ஒட்டினாய். மூன்று வாரத்தில் விரிசல் விட்டது. மறுபடி ஒட்டும்போதும் சொன்னாய்: "உள்ள வழுவழுன்னு உறை வச்ச ஃப்ளெக்ஸா வாங்கு, புகை தடுமாறாது. அதுக்குப் பின்னாடி பைப்புக்குத் தனியா ஹேங்கர் குடு. ஃப்ளெக்ஸு ஆடுறதுக்குடா, பைப்பைச் சுமக்குறதுக்கு இல்ல." நான் போன் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது தடவை விட்டபோது சலீமுக்கு ட்ராக்கில் ஓட்டும் நாள் தவறிவிட்டது. மாவட்டத்துக் கார்க்காரர்களும் பட்டறைக்காரர்களும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் என்னைக் கேட்டான். நான் எழுதினேன்: "டிசைனில் தப்பில்லை. படகு வெல்டர் கையில் கொடுத்ததுதான் தப்பு."

படித்தவர்கள் பட்டியலில் உன் பெயரும் இருந்தது. ஏன் மச்சான் நீ ஒரு வார்த்தை எழுதவில்லை? அடுத்த வாரம் பார்த்தபோது டீ வாங்கிக் கொடுத்தாய், அதைப் பற்றிப் பேசவே இல்லை. கோபமா? இவனிடம் பேசி என்ன என்று விட்டுவிட்டாயா? பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன். மஞ்சள் காமாலை பதினோரு நாள்தான் கொடுத்தது.

இன்று காலை, பழைய இரும்புப் பெட்டியிலிருந்து முதல் இரண்டு துண்டுகளையும் எடுத்து மூன்றாவதோடு வரிசையாக வைத்தேன். மூன்றிலும் வெல்டு முழுசாக இருக்கிறது. கிழிந்தது வெல்டை ஒட்டிய குழாய். மூன்றும் ஒரே இடத்தில், அடிப்பக்கம். லென்ஸ் வைத்தால் கிழிந்த முகத்தில் சிப்பி ஓட்டில் இருப்பது போல வரிவரியாகத் தெரிகிறது. கம்பியை இங்கிட்டும் அங்கிட்டும் வளைத்து ஒடிக்கிறோமே, அந்த மாதிரி வளைந்து வளைந்து விட்டிருக்கிறது. கல்லூரியில் இரண்டாம் வருடம் இதற்குப் படம் போட்டு மார்க் வாங்கியவன் நான்.

போனை வண்டிக்கு அடியில் வைத்து வீடியோ எடுத்தேன். ஆக்சிலேட்டரை மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் இன்ஜின் ஒரு விரல் கனம் சாய்கிறது. கெட்டி ரப்பரோடுதான்.

வண்டியை அப்படியே விட்டுவிட்டுக் கட்டுமாவடிக்குப் போனேன். உன் தம்பி ரஃபிதான் இப்போது கடையைப் பார்க்கிறான். மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில். வேலை குவிய வேண்டிய நேரம். கடை வாசலில் ஒரு குழாய்கூட இல்லை. கோட்டைப்பட்டினத்துப் படகுக்காரர் ஒருவர் இரண்டு படகுக்குப் புகைக்குழாய் பேசிவிட்டு வேறு ஆளிடம் போய்விட்டாராம். போகும்போது சொன்னதை ரஃபி அப்படியே சொன்னான்: "இன்ஜினியர் தம்பியே எழுதியிருக்காரு, இந்தக் கடை வெல்டு நிக்காதுன்னு. கடலுக்குள்ள போயி விட்டுச்சுன்னா நான் யாரைக் கேக்குறது?"

நான் எழுதியது கார்க் குரூப்பில். அங்கிருந்து எந்த வழியாகக் கரைக்குப் போனதோ.

மூன்று துண்டையும் அவன் மேசையில் வைத்து விளக்கினேன். அவன் தொடவில்லை.

"எங்கண்ணன் வெல்டு எனக்குத் தெரியும்ணே. எங்கிட்ட ஏன் கொண்டாந்து காட்டுறீங்க? தெரியாதவுங்ககிட்ட போயிக் காட்டுங்க."

"காட்டுறேன் ரஃபி."

"தடை முடியிறதுக்குள்ள வேலை வரலைன்னா கடையைப் பூட்டிட்டு சார்ஜாவுக்கு ஏறிடுவேன். வீட்டுல சொல்லிட்டேன்."

டீ வேண்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

மச்சான், அழுது எழுத எனக்கு வராது. செய்யப்போவதை மட்டும் உனக்கு வாக்காகச் சொல்கிறேன்.

1. இந்தக் கடிதத்தையும், மூன்று துண்டுகளின் படத்தையும், இன்ஜின் ஆடும் வீடியோவையும் இன்றே அதே குரூப்பில் போடுவேன். பழைய வரியை அழிக்க மாட்டேன். அது கிடக்கட்டும், அதற்குக் கீழே இது நிற்கட்டும்.

2. நாளை காலை கோட்டைப்பட்டினம். படகுக்காரரிடம் துண்டுகளைக் கையில் கொடுத்து, தப்பு என் வரைபடத்தில் என்று சொல்வேன். ரஃபியைக் கூட்டிப்போக மாட்டேன். அங்கே தலைகுனிய வேண்டியவன் அவன் இல்லை.

3. சலீம் காருக்கு உறை வைத்த ஃப்ளெக்ஸ், பின்னால் தனி ஹேங்கர். ரஃபி சம்மதித்தால் வெல்டு அவனுடையது. முடியாது என்றால் மறுநாள் போய்த் திரும்பக் கேட்பேன்.

4. தடைக்காலம் முடியும்வரை தினமும் ஒரு படகுக்காரரையாவது பார்ப்பேன்.

5. இத்தனைக்குப் பிறகும் ரஃபி விமானம் ஏறிவிட்டால், அப்போதும் நிறுத்த மாட்டேன். உன் வெல்டு நிற்காது என்று நான் எழுதியதைக் கேள்விப்பட்டவர்கள், இந்தக் கரையில் கடைசி ஆள் வரைக்கும், அது பொய் என்பதை என் வாயாலேயே கேட்க வேண்டும்.

உன் மாப்ளே,
சரவணன்
ஆவுடையார்கோவில்