நான் பழத்தைத்தான் சொன்னேன்

ஓசூர்
18.1.1988

அன்பு மகன் அண்ணாதுரைக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், கோபம் வேறு கும்பிடுவது வேறு. அப்பாவுக்குக் கம்பெனியில் மறுபடியும் நைட் ஷிப்டு போட்டுவிட்டார்கள். சானமாவுக் காட்டுப் பக்கம் யானை இறங்கியிருக்கிறதாம், கீரைக்காரம்மா வரவே இல்லை. இதெல்லாம் எழுத வேண்டுமே என்று எழுதுகிறேன், என் மனசு இதில் இல்லை.

பெங்களூர் சிட்டி மார்க்கெட்டை அம்மா ஒரு தடவையாவது பார்க்க வேண்டும், ராஜா காலத்துக் கட்டடம், கங்கப்பன் கூட்டிப்போவான் என்று எழுதினாயே, இங்கே உன்னோடு வேலை பார்த்த பையன்தானே என்று நம்பி பஸ் ஏறினேன். கட்டடம் பெரிதுதான், இல்லை என்று சொல்லவில்லை, அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. ஆனால் கீழே கால் வைக்க இடமில்லை, அழுகிப்போன கோஸ் இலையும் சேறும், கூடை சுமக்கிறவன் வழி விடச்சொல்லி தாரி தாரி என்று கத்திக்கொண்டே முதுகில் இடிக்கிறான், அவரைக்காய் குவியல் குவியலாகக் கிடக்கிறது, அந்த வாசனை என் புடவையை விட்டு இன்னும் போகவில்லை. பழ வரிசையில் கங்கப்பன் ஒரு கடை முன்னால் நின்று, இங்கேயே வாங்கலாம் அம்மா என்றான். கடைக்காரி பெயர் மாரம்மா. பக்கத்தில் ஒரு பெண் பட்டுப்புடவையும் தலை நிறையக் கனகாம்பரமுமாக நின்றது. இந்தச் சேற்றில் பட்டு எதற்கு என்று நினைத்தேன், வேறு என்ன நினைக்க முடியும் எனக்கு. எந்தக் கடையிலும் முதலில் சரக்கைக் குறை சொல்லிவிட்டுத்தான் நான் விலை பேசுவேன், உனக்குத் தெரியாததா. ஒரு கொய்யாவை அழுத்திப் பார்த்துவிட்டு, பால்காரம்மாவிடம் கற்ற கன்னடத்தில் நாலு பேர் கேட்கிற மாதிரி, “இந்த ஹெண்ணு கெட்டோகிதே, நங்கே பேடா” என்றேன். பழம் கெட்டுவிட்டது, எனக்கு வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஹண்ணு என்றால் பழமாம், ஹெண்ணு என்றால் பெண்ணாம், அரூரில் பிறந்து வளர்ந்த என் நாக்குக்கு அந்த வித்தியாசம் எங்கே வருகிறது. தராசு தூக்கின மாரம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. பக்கத்துக் கடைக்காரன் சிரித்தான், அவள் திரும்பிப் பார்த்ததும் அடங்கிவிட்டான். அந்தப் பெண் மூட்டைகளுக்குப் பின்னால் போய்விட்டது. வியாபாரிக்கு இவ்வளவு திமிரா என்று இன்னும் இரண்டு வார்த்தை வைதுவிட்டு வந்தேன்.

திரும்பி வரும்போது பஸ் அத்திப்பள்ளி தாண்டின பிறகுதான் கங்கப்பன் வாயைத் திறந்தான். அந்தப் பெண் மாரம்மாவின் மகள் நாகரத்னாவாம், பெங்களூரிலிருந்து தினம் வந்துபோய் இங்கே கம்பெனியில் உன்னோடு வேலை பார்த்தவளாம், கட்டிக்கொள்வதாக நீ வாக்கு கொடுத்திருக்கிறாயாம். அம்மாவுக்கு எல்லாம் தெரியும், பெண் பார்க்க வருகிறாள் என்று அவர்களுக்கு எழுதிவிட்டு, எனக்கு மட்டும் மார்க்கெட்டைச் சுற்றிப் பார் என்று எழுதியிருக்கிறாய். பெண்ணைப் பார்த்து எனக்குப் பிடித்துப்போன பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாயாமே. என்னடா புத்தி இது. பெற்றவள் கடையிலேயே நின்று, அவள் மகளைக் கெட்டுப்போனவள் என்று என் வாயால் சொல்ல வைத்துவிட்டாய். வேறு பாஷைக்காரர்கள், பழக்கடைக்காரர்கள், அம்மா வேண்டாம் என்பாள் என்று நீயே முடிவு செய்துகொண்டாய். என்னை ஒரு வார்த்தை கேட்டாயா?

மறுநாளே அப்பாவையும் கூட்டிக்கொண்டு திரும்பிப் போனேன். மாரம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, அந்த அம்மா இடத்தில் நான் இருந்தாலும் பார்த்திருக்க மாட்டேன். வந்து பேசினது நாகரத்னாதான், சாதாரண நூல் புடவையில், நல்ல தமிழில். “நீங்க பழத்தத்தான் சொன்னீங்கன்னு எனக்கு அப்பவே தெரியும்மா. தெனம் ஓசூர் பஸ்ல கேக்கற கன்னடந்தானே. ஆனா நேருக்கு நேரா பாத்தும் நான் யாருன்னே உங்களுக்குத் தெரியல பாருங்க, அதத்தான் என்னால தாங்க முடியல.” என் மகன் உன்னைப் பற்றி எனக்கு ஒரு வரி எழுதவில்லை அம்மா என்றேன். அப்புறம்தான் மாரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள்.

நாகரத்னா கேட்பது ஒன்றுதான். நீ லீவு போட்டு வர வேண்டும், அதே கடை முன்னால் நின்று இவள் யார் என்று உன் வாயால் எனக்குச் சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் கட்டிக்கொள்வதா வேண்டாமா என்று பதில் சொல்வாளாம். சரியாகத்தான் கேட்கிறாய் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, வெயிலில் அலையாதே, எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு நேராகக் கடிதம் போடு, கங்கப்பன் கையில் எதையும் கொடுத்தனுப்பாதே. வந்து நிற்கும்போது அவள் வேண்டாம் என்று சொன்னால், உனக்காக நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

இப்படிக்கு,
கோபம் ஆறாத உன் அம்மா
சரோஜம்மாள்