பின் சீட்டு காலி

என் கோபக்காரிக்கு,

உன் அக்கா வீட்டில் நீ சௌக்கியமாக இருப்பாய். நானும் சௌக்கியம்தான், உட்காரத்தான் முடியவில்லை.

நேற்று நம் சைக்கிள் குழு கடற்கரைக்குப் போனது. நீ வராவிட்டால் என்ன என்று, இரண்டு பேர் மிதிக்கும் நம் சைக்கிளை நான் ஒருவனே எடுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம், "அண்ணே, பின்னாடி இருந்தவங்க விழுந்துட்டாங்க போல" என்றார்கள். பாலத்து ஏற்றத்தில் இறங்கித் தள்ளினேன். நான் கடலைப் பார்த்தபோது மற்றவர்கள் குளித்து, சாப்பிட்டு, திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

போன மாதம் எல்லார் முன்னாலும், "இவ பின்னாடி சும்மா உட்கார்ந்துதான் வருவா" என்று சொன்னேன். நாம் சேர்ந்து போனபோது அந்தப் பாலத்தில் ஒருநாளும் இறங்கியதில்லை.

இனி நீ முன்னால் உட்கார். நான் பின்னால் மிதிக்கிறேன். சத்தியமாக மிதிப்பேன்.

இதையும் நின்றுகொண்டே எழுதும்,
உன் வீட்டுக்காரன்