செம்பருத்தி மொட்டைத் திருடியது

பக்கத்து வீட்டுத் தோழிக்கு,

சுவருக்கு மேல் உன் கையைப் பார்த்ததும், என் செம்பருத்தி மொட்டுகளை நீதான் பறிக்கிறாய் என்று நோட்டில் எழுதிவைத்தேன். விடுமுறைக்கு முந்தின நாள் வகுப்பில் எல்லார் முன்னாலும் சொன்னேன்.

போன வாரம் ஓர் அணில் மொட்டைக் கடித்துக்கொண்டு ஓடியது. சுவருக்கு மேல் நீ கை நீட்டியது அதை விரட்டத்தான்.

"திருடியப் பிடிச்சிட்டியா? வாலு வேற இருக்கே" என்று அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றே செடிக்கு வலை கட்டினேன். இன்று ஒன்பது பூ. நோட்டில் உன் பெயரை அடித்துவிட்டேன். வகுப்பில் சொன்னதை எப்படி அடிப்பது? பள்ளி திறந்ததும் அங்கேயே எழுந்து நின்று சொல்கிறேன்.

உன் சுவர்ப் பக்கம் மட்டும் ஒரு கை நுழையும் அளவுக்கு வலையைக் கட்டாமல் விட்டிருக்கிறேன். அணிலும் நுழையும். பரவாயில்லை.

இப்படிக்கு,
பார்க்காததை எழுதிவைத்தவள்