கேரியர் தூக்கிய அமைச்சர்

பரணைச் சுத்தம் செய்தபோது அந்த நாலடுக்கு டிபன் கேரியர் கையில் அகப்பட்டது. மேலடுக்கைத் திறந்தால் எலுமிச்சை ஊறுகாய் வாடை இன்னும் அடிக்கிறதுங்க! எத்தனை புளி போட்டுத் தேய்த்தும் போகாத வாடை. மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். உங்களிடம் பேசவேண்டும் போலிருந்தது.

சுரங்க வாசலில் கான்ட்ராக்ட் தொழிலாளிகளுக்காக மைக் பிடித்தவர் நீங்கள். எம்.எல்.ஏ. ஆனீர்கள், அடுத்த தேர்தலில் அமைச்சரே ஆகிவிட்டீர்கள். மறுநாளே கட்சிக்காரர்கள் நம் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். "அண்ணி, வேலைய எழுதிக் குடுத்துட்டு மெட்ராஸ் வந்துடுங்க. மினிஸ்டர் சம்சாரம் ஆஸ்பத்திரி லேப்ல ரத்தம் எடுத்துகினு இருந்தா நல்லாவா இருக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. குவார்ட்டர்ஸ் என் வேலைக்குக் கொடுத்தது. அதை விட்டால் நமக்கென்று ஒரு வாசல் கிடையாது. "உங்க அண்ணன் கான்ட்ராக்ட், நான் பெர்மனென்ட். நாளைக்கு அவர வேணாம்னுட்டா எங்க வந்து எறங்குவாரு?" என்று கேட்டேன். அவர்கள் முகம் செத்துவிட்டது. நீங்களோ விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

அப்புறம் நீங்கள் அங்கே, நான் இங்கே. சனிக்கிழமை வருவீர்கள், பின்னாலேயே ஊர் வரும். சண்டை போடக்கூட நேரம் கிடைக்காத புருஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆனாலும் முத்தாண்டிக்குப்பத்துக்கு நீங்கள் விடச் சொன்ன பஸ்ஸில் ஏறும்போது பெருமையாகத்தான் இருக்கும். யாரிடமும் சொன்னதில்லை.

பதவி போன செய்தியை டிவியில்தான் பார்த்தேன். மேடையும் மாலையுமாக வாழ்ந்த மனுஷன், இதை எப்படித் தாங்குவார்? பொழுது சாய வந்து இறங்கினீர்கள். எப்போதும் செருப்புக் குவிந்து கிடக்கும் வாசலில் அன்று ஒரு ஜோடிகூட இல்லை. சாப்பிட்டுப் படுத்துவிட்டீர்கள்.

காலையில் நான் ஷிப்டுக்குக் கிளம்பும்போது, என் கையிலிருந்த கேரியரை வாங்கிக்கொண்டு கூடவே நடந்தீர்கள். பஸ் ஸ்டாப்பில் அத்தனை பேரும் பார்க்கிறார்கள். எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. ஒருவர் தயங்கித் தயங்கி, "என்ன தலைவரே, பதவிய எடுத்துட்டாங்களாமே?" என்றார்.

"யாரு சொன்னா? இலாகாவ மாத்தியிருக்காங்க. இப்ப எனக்கு கேரியர் தூக்கற இலாகா. மேலிடம் இவங்கதான்," என்று என்னைக் காட்டினீர்கள்.

ஸ்டாப்பே சிரித்தது. அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது. நான் ரிட்டையர் ஆகும்வரை அந்த இலாகாவை உங்களிடமிருந்து யாரும் பிடுங்கவில்லை. மனு கொடுக்கிறவர்களும் அங்கேயே வந்தார்கள். கேரியரைக் கீழே வைக்காமலே வாங்கிப் படிப்பீர்கள். நமக்கு நல்ல காலம் என்றால் அதுதாங்க.

நீங்கள் போய்ச் சேர்ந்தபின், ரிட்டையர் பணத்தில் வாங்கிய வடலூர் வீட்டில் தனியாக இருக்கிறேன். அழுதுகொண்டெல்லாம் இல்லை. போன வாரம் மார்க்கெட்டில் ஒரு பெண் என்னையே உற்றுப் பார்த்தாள். "நீங்க முன்னாள் அமைச்சர் சம்சாரம்தானே?"

"அமைச்சர்தாம்மா முன்னாள். சம்சாரம் இன்னும் அப்படியேதான் இருக்கேன்," என்றேன்.