முதுகுக்குப் பின்னால் தள்ளுவண்டி

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பா, உன் தங்கை, நான் மூன்று பேரும் உடம்பளவில் சுகம், அப்பாவின் முழங்காலைத் தவிர. நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு சளி கிளி இல்லாமல் இருப்பாய் என்ற நினைப்பில்தான் எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்று சொல்வதே பொய். இரண்டு வரி எழுதுவதற்குள் அடுப்பை அணைத்தேனா என்று பார்க்க ஒரு தடவை எழுந்தேன், கொடியில் துணி காய்ந்ததா என்று பார்க்க இன்னொரு தடவை. அடுப்பை இன்றைக்கு இன்னும் பற்றவைக்கவே இல்லை. பக்கத்து அறையில் பரீட்சைக்குப் படிக்கிற உன் தங்கை, "அம்மா, ஒண்ணு நட, இல்ல எழுது, ரெண்டையும் சேத்துச் செய்யாதே" என்கிறாள். நேற்று நீ போனில் சொன்னதற்கெல்லாம் நான் உம் கொட்டிவிட்டு வைத்துவிட்டேன், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பாய். உன்னிடம் போனில் யார் பேசி ஜெயிப்பது, நான் ஒரு வார்த்தை எடுப்பதற்குள் நீ பத்து வார்த்தை கொட்டிவிட்டு, லைன் சரியில்லைம்மா என்று வைத்துவிடுவாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார், அதற்குத்தான் இது. நாளைக் காலையில் மேனேஜர் அறையில் என் முறை. இது உன் கைக்கு வரும்போது நான் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்திருப்பேன், அதனால் இதைப் படித்துவிட்டு என்னைத் தடுக்க ஓடி வராதே.

நீ மாமா என்று கூப்பிடுகிற எங்கள் சூப்பர்வைசர் உனக்கு என்ன சொன்னாரோ தெரியாது, நடந்ததை நான் முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் லாண்டரியை ஒரு விடுமுறை நாளுக்கு சினிமாக்காரர்கள் கேட்டு வாங்கியிருந்தார்கள். படம் வேலைக்குப் போகிற பெண்களைப் பற்றியது. பஸ்ஸில் உரசுகிறவன், வேலை இடத்தில் தோளைத் தடவிக்கொண்டே பேசுகிறவன், இதையெல்லாம் அன்றாடம் பல்லைக் கடித்துக்கொண்டு போகிற ஒருத்தி கடைசியில் திரும்பி நின்று கேட்கிற கதை என்று டைரக்டர் சொன்னாள், அவளே ஒரு சின்னப் பொண்ணுதான். கதாநாயகி லாண்டரியில் வேலை செய்கிறவளாம். படுக்கை விரிப்பு மடிக்கத் தெரியாத கைகளைக் காட்டினால் பொய்யாக இருக்கும் என்று எங்களையே வரிசையில் நிற்கக் கேட்டாள். எங்களுக்கும் ஆசைதான், என்னோடு மடிக்கிறாளே நெட்டை, அவள் முந்தின நாளே தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்து நின்றாள். அந்த இடம் உனக்குத் தெரியும், ஸ்கூல் விட்டு வந்து மூட்டைகளுக்கு மேலே படுத்துத் தூங்கியிருக்கிறாய். மடிக்கிற மேசை நீளமாக ஓடும், எங்களுக்கு முன்னால் மேசை, அந்தப் பக்கம் இஸ்திரி உருளை, எங்கள் முதுகுக்குப் பின்னால் சுவரோரம் அலமாரி. எங்களுக்கும் அலமாரிக்கும் நடுவே ஓர் ஆள் தாராளமாகப் போகிற வழி. மடித்ததைப் போடுகிற தள்ளுவண்டி அவரவர் வலது கைப் பக்கம் நிற்கும். காட்சி என்னவென்றால், நாங்கள் மடித்துக்கொண்டிருக்க வேண்டும், படத்தில் வருகிற சூப்பர்வைசர் எங்கள் பின்னாலேயே நடந்து போய், கடைசியில் நிற்கிற கதாநாயகியின் இடுப்பில் கை வைக்க வேண்டும், அவள் திரும்பிப் பார்க்க வேண்டும். "நீங்க ஒண்ணும் நடிக்க வேணாம்மா, தினம் செய்யறதையே செய்யுங்க" என்று டைரக்டர் பொண்ணு எங்களுக்குச் சொன்னாள்.

அந்த நடிகர் தங்கமான மனுஷன். படம் எடுக்கிறதுக்கு முன்னால் ஒவ்வொருத்தியிடமும் வந்து, "அம்மா, நான் உங்களுக்குப் பின்னாடி கொஞ்சம் நெருங்கி நடப்பேன், தொட மாட்டேன், பரவாயில்லையா" என்று கேட்டார். நெட்டைக்கு வாய் சும்மா இருக்குமா, "இத்தனை வருஷத்துல இந்த வழியில கேட்டுட்டு நடக்கிற முதல் சூப்பர்வைசர் நீங்கதான் தம்பி" என்றாள், எல்லாரும் சிரித்தோம். எங்கள் சூப்பர்வைசரும் அங்கேதான் இருந்தார், மெஷின்களை யாரும் கெடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள முதலாளி அனுப்பியிருந்தார், உலர்த்தும் மெஷின் பக்கத்தில் கையில் டீயோடு நின்றுகொண்டிருந்தார். அப்புறம் கேமரா ஓடத் தொடங்கியது, நடிகர் நடந்து வந்தார். நான் பாட்டுக்கு மடித்துக்கொண்டிருந்தேன். ஷூ சத்தம் கிட்டே வந்ததும் என் வலது கால் தானாகப் போய் தள்ளுவண்டியின் அடிக்கம்பியை மாட்டி, வண்டியை என் முதுகுக்குப் பின்னால் இழுத்து நிறுத்திவிட்டது. எனக்கு முந்தின ஆளின் வண்டி அதற்கு முன்பே நகர்ந்த சத்தம் கேட்டது, எனக்கு அடுத்தவளின் வண்டி அப்புறம் நகர்ந்தது. வழி முழுக்க வண்டி, நடிகர் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றார். நிறுத்துங்க நிறுத்துங்க என்றார்கள், எங்களுக்கு வெட்கமாகிவிட்டது, புரியாமல் செய்துவிட்டோம் என்று வண்டிகளைப் பழைய இடத்தில் வைத்தோம். மறுபடி எடுத்தார்கள், மறுபடியும் அதேதான். மூன்றாவது தடவை டைரக்டர் பொண்ணு கெஞ்சாத குறையாக, "வண்டியைத் தொடாதீங்கம்மா, அது அங்கேயே இருக்கட்டும்" என்றாள், நாங்களும் சரி சரி என்று தலையாட்டினோம். ஷூ சத்தம் வந்தது, கால் போய்விட்டது.

டைரக்டர் பொண்ணு மெல்ல வந்து வண்டிகளைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், "யாரும்மா உங்களுக்கு இதைச் சொல்லிக் குடுத்தது" என்று கேட்டாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதுதான் விஷயம். இது என் ஒருத்தியின் தந்திரம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், நெட்டை அவளுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரே டப்பாவில் கை விட்டுச் சாப்பிடுகிறோம், வீட்டுச் சண்டையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லிக்கொள்கிறோம், இதை மட்டும் ஒருத்தியும் ஒருத்தியிடமும் வாய் திறந்ததில்லை. வரிசையில் கதாநாயகிக்குப் பக்கத்தில் புதுப்பொண்ணு, வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, இன்னும் விரிப்பை நேராக மடிக்கக்கூட வரவில்லை அதற்கு. அதன் முதுகுக்குப் பின்னாலும் வண்டி நின்றது. அந்தக் குழந்தைதான் முதலில் உலர்த்தும் மெஷின் பக்கம் பார்த்தது, அப்புறம் ஒவ்வொருவராக எல்லாரும் அங்கே பார்த்தோம். எங்கள் சூப்பர்வைசர் டீயைக் குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. கேமராவை நிறுத்த மறந்திருந்தார்கள், அத்தனையும் அதில் பதிவாகிவிட்டது.

மறுநாளே அவர் மேனேஜரிடம் போய், சினிமாக்காரர்கள் சொல்லிக்கொடுத்துத்தான் இவர்கள் என் பெயரைக் கெடுக்க இப்படிச் செய்தார்கள் என்று புகார் சொல்லிவிட்டார். மேனேஜர் எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிறார், வண்டியை நகர்த்தச் சொன்னது யார் என்று. டைரக்டர் என்று சொன்னால் போதும், அந்தக் காட்சியைத் தூக்கச் சொல்லிவிட்டு விஷயத்தை முடித்துவிடுவார்கள், அவர் பழையபடி வழியில் நடப்பார். முதலில் நெட்டையைக் கூப்பிட்டார்கள். அவள் வீட்டுக்காரர் படுத்த படுக்கை, இவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது, அவள் டைரக்டர்தான் என்று சொல்லிவிட்டு வந்தாள். அன்று எங்களோடு சாப்பிட வரவில்லை. அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவள் இடத்தில் இருந்தால் நானும் என்ன செய்திருப்பேனோ. புதுப்பொண்ணு அதற்கப்புறம் வேலைக்கே வரவில்லை. மற்றவர்கள், "அக்கா, நீங்க என்ன சொல்றீங்களோ அதையே நாங்களும் சொல்லிடறோம்" என்று பாரத்தைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டார்கள். இரண்டு நாளாகக் கை ஓடவில்லை கால் ஓடவில்லை, உன் தங்கைக்கு டீயில் உப்பைப் போட்டுக் கொடுத்தேன்.

இதற்கு நடுவில்தான் உன் போன். மாமா உன்னைக் கூப்பிட்டு அழுதாராம், அவர் ஒரு போன் போட்டுத்தானேம்மா எனக்கு இந்த ஊர்ல வேலை கிடைச்சுது, ஒரு வார்த்தை டைரக்டர் சொன்னாங்கன்னு சொல்லிடும்மா, உனக்கென்ன குறைஞ்சு போகுது என்றாய். வழி சின்னது, கை படத்தான் செய்யும் என்றாய். அதோடு விட்டாயா, உன் வயசுக்கு உன்னை யாரும்மா தொடப்போறாங்க, மத்தவங்களுக்காக நீ ஏன் வம்பில் மாட்டறே என்று கேட்டாய். அதற்கும் உம் கொட்டிவிட்டுத்தான் போனை வைத்தேன். என்னையும்தான்டா பெரியவனே. "தங்கச்சி, கொஞ்சம் வழி" என்பார், வழி தாராளமாக இருக்கும், கை இடுப்பில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகும். அதே வழியில் மெஷின் ரிப்பேருக்கு மெக்கானிக் வருகிறார், மூட்டை தூக்குகிறவர் தன்னைவிடப் பெரிய மூட்டையோடு வருகிறார், தூரத்திலேயே வரேன்மா என்று குரல் கொடுத்துவிட்டுப் போகிறார்கள், ஒருத்தர் கையும் பட்டதில்லை. என் வயதையும் நரையையும் பார்த்து அந்தக் கை ஒதுங்கிப் போகவில்லை. இதை உனக்கு எழுதுவதற்கு எனக்கு எவ்வளவு கூச்சமாக இருக்கிறது தெரியுமா, பெற்ற பிள்ளைக்கு எழுதுகிற விஷயமா இது. ஆனால் நீ அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டாய், நான் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அப்பாவிடம் படம் எடுத்த அன்று சாயங்காலமே சொல்லிவிட்டேன். கேட்டவுடன் எழுந்து செருப்பைத் தேடினார், ஒன்று கிடைத்தது, இன்னொன்று கிடைக்கவில்லை, அதற்குள் உன் தங்கை வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டு, என்னைத் தாண்டிட்டுப் போங்க பாப்போம் என்றாள். முழங்கால் மடங்காதே அவருக்கு, தாண்டுவது எங்கே. அப்புறம் உட்கார்ந்து, இத்தனை நாள் ஏன் சொல்லலே என்று கேட்டார். சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க என்றேன். வேலையை விடச் சொல்லியிருப்பேன் என்றார். அதுக்குத்தான் சொல்லலே என்றேன். வேலை எனக்குப் பிடிக்கும், கொதிக்கக் கொதிக்க வருகிற விரிப்பை உதறி மடித்து அடுக்கினால் மனசே அடுக்கின மாதிரி இருக்கும், தப்பு செய்யாத நான் எதற்கு விட்டுவிட்டு வர வேண்டும். அவர் அன்றிலிருந்து ஒழுகாத குழாயைக் கழற்றிக் கழற்றி மாட்டுகிறார், இப்போது அது நிஜமாகவே ஒழுகுகிறது. டைரக்டர் பொண்ணு வீட்டுக்கு வந்தபோது அவர்தான் டீ போட்டுக் கொடுத்தார். உங்களுக்குக் கஷ்டம்னா அந்தக் காட்சியே வேண்டாம்மா, தூக்கிடறேன் என்று அவள் சொன்னாள், நல்ல பெண். எடுத்ததைக் காட்டு, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். சின்னத் திரையில் காட்டினாள். என் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை பெரியவனே, அதில் கோபம் இல்லை, பயம் இல்லை, ஒன்றுமே இல்லை, விரிப்பின் ஓரத்தை ஓரத்தோடு சேர்த்துக்கொண்டிருந்தது, கீழே கால் மட்டும் வண்டியை இழுத்துக்கொண்டிருந்தது. அப்பா எழுந்து குழாய்ப் பக்கம் போய்விட்டார். படத்தில் இருக்கட்டும் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன்.

அதனால் நாளைக்கு மேனேஜர் கேட்டால் நான் சொல்லப்போவது இதுதான். டைரக்டர் வண்டியை நகர்த்த வேணாம்னுதான் சொன்னாங்க சார், சொல்லியும் எங்க கால் கேக்கலே, ஏன் கேக்கலேன்னு உங்க சூப்பர்வைசரைக் கேளுங்க. சமையலறையில் நின்று சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன், சார் வரைக்கும் குரல் நன்றாக வருகிறது, அதற்கு மேல் நடுங்குகிறது. நடுங்கினால் நடுங்கட்டும், நின்று சொல்லிவிட்டுத்தான் வருவேன். எனக்கு இருக்கிற பயமெல்லாம் உன்னைப் பற்றித்தான். ஒரு போனில் வாங்கிக்கொடுத்ததை இன்னொரு போனில் பிடுங்க அவரால் முடியுமோ முடியாதோ, எனக்குத் தெரியாது. வேலை வாங்கிக்கொடுத்தது அவராக இருக்கலாம், இத்தனை நாள் அதில் நின்றது நீ. அப்படியும் ஏதாவது ஆகிவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வா, உன் கட்டிலில் உன் தங்கை புத்தகத்தைப் பரப்பி வைத்திருக்கிறாள், ஒதுக்கச் சொன்னால் ஒதுக்கிவிடுவாள். என்மேல் கோபம் வந்தாலும் சாப்பாட்டின்மேல் காட்டாதே.

நீ நல்லபடியாக, நாலு பேர் நல்லவன் என்று சொல்கிற மாதிரி இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம், அப்பாவுடையதும். ஒன்றை மட்டும் மறக்காமல் செய். உன்னையும் போன மாதம் சூப்பர்வைசர் ஆக்கியிருக்கிறார்கள், உன் பிரிவில் பாதிக்கு மேல் பெண்கள் என்றாய், நான் பெருமையாக எல்லாரிடமும் சொன்னேன். இனிமேல் அவர்கள் வரிசைக்குப் பின்னால் நீ நடந்து போகும்போது அவர்கள் முகத்தைப் பார்க்காதே, முகத்தில் ஒன்றும் தெரியாது. நீ கிட்டே வரும்போது கூடையோ நாற்காலியோ எதுவாவது நகர்கிறதா என்று பார். ஒன்றும் நகரவில்லை என்றால் அதை எனக்கு உடனே எழுது, நான் நிம்மதியாக ஓரிடத்தில் உட்காருவேன். நகர்ந்தால் அதையும் மறைக்காமல் எழுது.

உன் பதிலுக்கு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
அம்மா