கிளை இலக்கப்படி ஓடிய லொறி

மகள் வீட்டுக்குப் பார்சல் கொண்டுவந்த வான்காரர் இன்று கைபேசியை எனக்குக் காட்டினார். அடுத்து எந்த ஒழுங்கை, எந்த வீடு என்று அதுவே சொல்கிறது. எறும்புகள் வழி பிடிப்பதைப் பார்த்து உண்டாக்கிய கணக்காம், மகள் விளக்கினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உமக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வேன்? கூட்டுறவுச் சங்கத்தில் நீர் களஞ்சியக் கணக்கெழுதும் இலிகிதர், நான் கிளைக் கடைகளுக்குச் சாமான் ஏற்றும் லொறிச் சாரதி. போர்க்காலப் பொருளாதாரத் தடை, டீசல் வராது. மண்ணெண்ணெயில் லொறி இருமி இருமி ஓடும். அப்போதும் கிளை இலக்கப்படிதான் சாமான் இறக்கவேண்டும்: ஒன்று பண்டத்தரிப்பு, இரண்டு மானிப்பாய், மூன்று சங்கானை. பண்டத்தரிப்பிலிருந்து சங்கானைக் கடை வாசலைத் தாண்டி மானிப்பாய்க்குப் போய், திரும்பவும் சங்கானைக்கு வருவேன். முதலில் தொடங்கிய கிளைக்கு முதல் மரியாதையாம்! சுழிபுரத்து அகதி முகாம் கடைசி. அங்கே குழந்தைகள் பால்மாவுக்குக் காத்திருக்கும்.

சங்க முகாமையாளர் செங்கமாரி வந்து கண் மஞ்சளாகிக் கிடந்த மாதம், சீனி மூடையில் ஏறிய எறும்புகளை நீர் நாள்கணக்காகப் பார்த்தீர். பிறகு மட்டையில் வீதிகளைக் கீறி, ஒவ்வொரு நடையும் வழியைக் கொஞ்சம் மாற்றி ஓடச் சொன்னீர். எறும்பு வழியில் மணம் விட்டுப் போவதுபோல, எண்ணெய் மிச்சப்பட்ட வழிக்குக் கூடுதலாகப் புளியங்கொட்டை வைப்பீர். வெள்ளிக்கிழமைகளில் எல்லா வீதியிலும் ஒவ்வொரு கொட்டையைத் திரும்ப எடுப்பீர்.

"பழசு கொஞ்சம் மறக்கவேணும் அண்ணை. இல்லாட்டிப் புதுவழி பிடிபடாது."

மாத முடிவில் மானிப்பாய் முதலிலும் பண்டத்தரிப்பு கடைசியிலும் வந்தன. மத்தியானத்துக்கு முன்பே முகாமில் பால்மா இறங்கியது.

"முதலாம் கிளைத் தலைவர் கோவிக்கப்போறார் பிள்ளை" என்றேன்.

"ஆர் முதல் எண்டு எறும்பு கேக்கிறேல்லை அண்ணை."

தலைவரின் முறைப்பாட்டுக் கடிதத்தோடுதான் முகாமையாளர் திரும்பி வந்தார். "இதென்ன, தாயம் விளையாடுற இடமோ?" என்று கொட்டைகளை ஒரே தட்டாகத் தட்டினார். என்னைப் பார்த்து, "இலக்கப்படி ஓடும்" என்றார். என்ன திமிர் அந்த மனிசனுக்கு!

மறுநாள் சங்கானை தாண்டியதும் எண்ணெய் முடிந்து லொறி நின்றது. செய்தி கேட்டு வந்த நீர் பால்மாவைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனீர். போய்ச் சேர்ந்தபோது வெறுந்தேத்தண்ணி குடித்துவிட்டுக் குழந்தைகள் படுத்திருந்தன. திரும்பி வந்து நீர் முகாமையாளரிடம் போகவில்லை. என்னிடம்தான் கேட்டீர்.

"ஸ்டியரிங் உங்கடை கையிலைதானே அண்ணை இருந்தது?"

இத்தனை வருடமும் அந்த மனிசனையே திட்டிக்கொண்டிருந்தேன். போன மாதம் நீர் ரொறன்ரோவில் காலமாகிவிட்டீர் என்று கேட்டபோதும் முதலில் வாயில் வந்தது அவருக்கான வசைதான். உம்முடைய கேள்விக்கு நான் பதில் சொல்லவேயில்லை. இப்போது சொல்கிறேன். அன்று காலை சங்கத்து வாசலில் மானிப்பாய்ப் பக்கம் திருப்பியிருந்தால் என் வேலை போயிருக்கும், முகாமுக்குப் பால்மா போயிருக்கும். நான் வேலையைக் காப்பாற்றிக்கொண்டேன்.